பழைய படங்களில் இன்னும் நீந்திக்கொண்டிருக்கிறார் ஆழிக்குமரன் ஆனந்தன்

சுபாங் ஜெயா, ஆக. 6 –

பிளாஸ்டிக் உறை மஞ்சளாகிப்போன ஒரு பழைய ஆல்பம் சில வாரங்களுக்கு முன் என் கைக்கு வந்தது. கொடுத்தவர் சுபாங் ஜெயா எஸ்எஸ் 15 பகுதியில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை. மாடி வீட்டில் ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்பதால் சிறிய அடுக்குமாடி வீட்டுக்கு மாறப் போகிறார். பெட்டிகளைப் பிரித்து, வேண்டியது, வேண்டாதது என்று ஒதுக்கிக்கொண்டிருந்த வேளையில் இந்த ஆல்பம் வேண்டாததன் பக்கம் போய்விட்டது. தூக்கிப் போடுவதற்கு முன் யாருக்காவது பயன்படுமா என்று கேட்கத்தான் எங்கள் செய்திப் பிரிவுக்கு அழைத்தார்.

அவருடைய தந்தையார் யாழ்ப்பாணத்தின் வடமராட்சியிலிருந்து மலாயா ரயில்வே வேலைக்கு வந்து பிரிக்பீல்ட்ஸில் குடியேறியவர். ஊரில் இருந்த உறவினர்கள் கடிதத்தோடு செய்தித்தாள் நறுக்குகளையும் மடித்து அனுப்புவார்களாம். தந்தையார் அவற்றைத் தேதி இல்லாமல், பெயர் இல்லாமல், படத்தை மட்டும் வெட்டி ஒட்டி வைத்திருக்கிறார். அவருக்குப் பெயர் தேவைப்படவில்லை. படத்தில் இருப்பவர் யார் என்று அந்தக் காலத்தில் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

எனக்குத் தெரியவில்லை. தமிழ் படித்துப் பட்டம் வாங்கியவன், ஈழத்து இலக்கியத்தை ஒரு பருவம் முழுக்கப் பாடமாகப் படித்தவன். அப்படியிருந்தும் அலைக்கு மேல் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மனிதரைப் பார்த்து இவர் யார் என்று கேட்டேன். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பெயரைச் சொன்னார்.

ஆழிக்குமரன் ஆனந்தன். இன்றோடு அவர் மறைந்த நாள் மீண்டும் வந்திருக்கிறது. 1984-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி, ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் அவர் உயிர் பிரிந்தது. வயது 41.

கப்பல் கட்டிய ஊர்

விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தன் என்பது அவருடைய முழுப் பெயர். பிறந்தது 1943-ஆம் ஆண்டு மே 25. வெளியுலகில் குமார் ஆனந்தன் என்று அறியப்பட்டார். தமிழர்கள் வைத்த பெயர்தான் ஆழிக்குமரன். தொழிலால் அவர் வழக்கறிஞர், இலங்கை வழக்கில் சொன்னால் சட்டத்தரணி.

அவருடைய ஊர் வல்வெட்டித்துறை. சுருக்கமாக வல்வை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடக்குக் கரையில் கடலைப் பார்த்து நிற்கும் இந்த ஊர், பாய்மரக் கப்பல் கட்டுவதற்கும் ஓட்டுவதற்கும் பெயர் பெற்றது. இங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்ற கப்பல் 1938-ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. காற்றின் திசையைப் பார்த்து வாடை, கச்சான், கொண்டல், சோழகம் என்று பெயர் சொல்லிப் பேசும் ஊர் அது. அங்கே பிறந்த ஒரு பிள்ளைக்குக் கடல் என்பது வீட்டுக்கு எதிரே இருக்கும் வெளி.

1954-ஆம் ஆண்டு, வல்வைக்குப் பக்கத்து ஊரான தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி, வல்வெட்டித்துறைக் கரையிலிருந்து புறப்பட்டு தமிழ்நாட்டின் கோடியக்கரைக்கு நீந்திச் சென்றார். பாக் நீரிணையை நீந்திக் கடந்த முதல் மனிதர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. அப்போது ஆனந்தனுக்குப் பத்துப் பதினொரு வயது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வெறும் கையையும் காலையும் கொண்டு அக்கரைக்குப் போய்விட்டார் என்ற செய்தி, கடற்கரையில் வளரும் அந்த வயதுப் பையன்களின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

முதல் படம்: அலையில் ஒரு தலை

ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருப்பது நீச்சல் படம். மிகவும் மங்கியது. முக்கால்வாசி கடல், ஓரத்தில் படகின் விளிம்பு, நடுவில் ஒரு தலையும் மேலே எழும்பிய ஒரு கையும். அச்சு மையின் புள்ளிகள் பெரிதாகத் தெரிவதால் அலை எது, கை எது என்று உற்றுப் பார்த்தால்தான் புரிகிறது.

1971-ஆம் ஆண்டு ஆனந்தன் செய்த காரியத்தை இந்தப் படத்தால் காட்ட முடியாது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். அங்கிருந்து திரும்பி மறுபடியும் தலைமன்னாருக்கு நீந்தினார். மொத்தம் 51 மணி நேரம். இரண்டு பகல், இரண்டு இரவு, அதற்கு மேலும் மூன்று மணி நேரம். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

இந்தப் பாதை ஒரு வழிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். 50 மீட்டர் நீளமுள்ள நீச்சல் குளத்தில் கணக்குப் போட்டால் போக 600 சுற்று, வர 600 சுற்று. நம் வட்டாரத்துப் பொது நீச்சல் குளத்தில் இருபது சுற்று முடித்துவிட்டு மூச்சு வாங்கக் கம்பியைப் பிடிப்பவன் நான். கடலில் பிடிக்கக் கம்பி இல்லை. படகு பக்கத்தில் வரும், ஆனால் அதைத் தொடக் கூடாது. தொட்டால் அந்த நொடியே முயற்சி முடிந்தது.

குளத்துத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். பாக் நீரிணையில் அப்படி இல்லை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ராமர் பாலம் என்று சொல்லப்படும் மணல் தீடைகள் வரிசையாகக் கிடக்கின்றன. வங்கக் கடலின் நீரும் மன்னார் வளைகுடாவின் நீரும் இந்தத் தீடைகளின் இடைவெளிகளில் புகுந்து ஓடுவதால் நீரோட்டம் வலுவாக இருக்கும். கையை வீசிக்கொண்டே இருப்பார், ஆனால் நீரோட்டம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். ஒரு மணி நேரம் நீந்தியும் கரை பக்கத்தில் வந்திருக்காது. இதனால்தான் இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களில் கடல் சற்றே அடங்கியிருக்கும்போது நீச்சல் வீரர்கள் இங்கே இறங்குகிறார்கள்.

அதோடு மீனவர்கள் சொறிமுட்டை என்று சொல்லும் ஜெல்லி மீன்கள். உடம்பில் பட்டால் தீக்காயம் போல் எரியும். கடல் பாம்புகளும் உண்டு. பகலில் வெயில் முதுகை உரிக்கும். நீண்ட நேரம் உப்புத் தண்ணீர் பட்டுக்கொண்டே இருந்தால் நாக்கும் உதடும் வீங்கி, கொடுக்கிற கஞ்சியை விழுங்குவதே பெரும்பாடாகிவிடும். இவை எல்லாவற்றையும்விடக் கொடியது தூக்கம்.

அக்கரையைத் தொட்ட பிறகு திரும்புவது இன்னொரு சோதனை. தனுஷ்கோடி 1964-ஆம் ஆண்டு டிசம்பர் புயலில் அழிந்த ஊர். ஆனந்தன் போய்ச் சேர்ந்தபோது அங்கே ரயிலும் இல்லை, துறைமுகமும் இல்லை. இடிந்த சுவர்களும் மணலும்தான். தரை காலில் பட்ட அந்த நேரத்தில், போதும் என்று உட்கார்ந்திருந்தாலும் பாக் நீரிணையைக் கடந்தவர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்திருக்கும். அவர் திரும்பிக் கடலுக்குள் இறங்கினார்.

இருவழியையும் நீந்திய இந்தச் சாதனை நேரம் ஐம்பது ஆண்டுகள் நிலைத்தது. 2021-ஆம் ஆண்டு ஏப்ரலில் இலங்கை விமானப் படையைச் சேர்ந்த ரோஷன் அபேசுந்தர அதே பாதையில் 59.3 கிலோமீட்டரை 28 மணி 19 நிமிடத்தில் நீந்தி அதை முறியடித்தார். அப்போது இலங்கைச் செய்தித்தாள்கள் மறுபடியும் ஆனந்தனின் பெயரை எழுதின. சாதனை முறியடிக்கப்படும் நாளில்தான் பழைய சாதனையாளரை ஊர் நினைத்துப் பார்க்கிறது.

இரண்டாம் படம்: பூங்காவைச் சுற்றிய சக்கரம்

அடுத்த பக்கத்தில் சைக்கிள். ஓட்டுபவரின் முகம் நன்றாகத் தெரிகிறது. பின்னால் நிற்கிற கூட்டம்தான் மங்கலாக இருக்கிறது. ஓடும் பொருளைப் படம் பிடிக்கும்போது கேமராவையும் கூடவே நகர்த்தினால் இப்படித்தான் விழும் என்று எங்கள் அலுவலகப் புகைப்படக்காரர் விளக்கினார்.

1979-ஆம் ஆண்டு மே 2 முதல் 10 வரை, கொழும்பு விகாரமாதேவி பூங்காவில் ஆனந்தன் 187 மணி 28 நிமிடம் நிற்காமல் சைக்கிள் ஓட்டினார். கடந்த தூரம் 1,487 மைல், அதாவது ஏறக்குறைய 2,390 கிலோமீட்டர். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை போகும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் நீளம் 772 கிலோமீட்டர். அதை மூன்று முறை கடந்தாலும் இந்தத் தூரத்துக்குச் சற்றுக் குறைவுதான். நெடுஞ்சாலையிலாவது காட்சி மாறும். பூங்காவில் அதே மரம், அதே வளைவு, அதே முகங்கள்.

கின்னஸ் புத்தகத்தில் அவர் பெயரில் ஏறியவை மொத்தம் ஏழு சாதனைகள். ஐந்து பகல் ஐந்து இரவுக்கு மேல் இடைவிடாமல் ஆடினார். இரண்டு நிமிடத்தில் 165 முறை படுத்து எழும் பயிற்சி செய்தார். காலை உயரே வீசி உதைப்பதை ஆறரை மணி நேரத்தில் 9,100 தடவை செய்தார்.

இவற்றில் சில இன்றைய இளைஞர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. இப்போது சாகச விளையாட்டு என்றால் மலை உச்சியிலிருந்து குதிப்பது, மதில் விட்டு மதில் தாவுவது, தலையில் சிறு கேமராவைக் கட்டிக்கொண்டு சரிவில் பாய்வது என்றுதான் நாம் பார்க்கிறோம். பத்து விநாடிக் காட்சி, கைப்பேசியில் பல இலட்சம் பார்வை. ஆனந்தனின் சாகசம் அதற்கு நேர்மாறு. அதைப் பார்க்க வருகிறவருக்கும் பொறுமை வேண்டும். காலையில் வந்து பார்த்துவிட்டு வேலைக்குப் போய், மாலையில் திரும்பி வந்து பார்த்தாலும் அதே மனிதர் அதையே செய்துகொண்டிருப்பார்.

மூன்றாம் படம்: ஒற்றைக் காலில்

மூன்றாவது படத்தை நான் முதலில் தவறாகப் புரிந்துகொண்டேன். ஒரு மனிதர் ஒரு காலைத் தூக்கி நிற்கிறார். யோகாசனப் பயிற்சி என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். அந்த அம்மாதான் திருப்பிக் காட்டினார்.

1980-ஆம் ஆண்டு மே 15 முதல் 17 வரை, அதே விகாரமாதேவி பூங்காவில் ஆனந்தன் ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார். தவம் செய்பவர்கள் ஒற்றைக் காலில் நின்ற கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சந்தேகம் இருப்பவர்கள் இதைப் படித்து முடிக்கும் வரை ஒரு காலில் நின்று பார்க்கலாம். நான் நின்று பார்த்தேன். நான்கு நிமிடத்தில் கணுக்கால் நடுங்கத் தொடங்கிவிட்டது.

படம் ஒரு கணத்தைத்தான் பிடிக்கும். கோல்கீப்பர் பாய்ந்து பந்தைத் தட்டுகிறார் என்றால் அந்த ஒரு கணத்தில் எல்லாம் இருக்கிறது. ஒற்றைக் காலில் நிற்பவரின் படத்தில் ஒன்றும் இல்லை. முதல் நிமிடத்தில் எடுத்தாலும் முப்பதாவது மணியில் எடுத்தாலும் படம் ஒன்றுதான். வித்தியாசம் தெரியும் ஒரே இடம் முகம். இந்தப் படத்தில் முகம் களைத்திருக்கிறது. கண்கள் கேமராவைப் பார்க்கவில்லை. எதிரே எதையோ ஒரே புள்ளியில் பிடித்து வைத்திருக்கின்றன.

இந்தச் சாதனைக்கும் பின்னால் ஒரு தொடர்கதை உண்டு. 1982-ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் சத்தியமங்கலத்தைச் சேர்ந்த என். ரவி 34 மணி நேரம் நின்று ஆனந்தனைத் தாண்டினார். 1997-ஆம் ஆண்டு மே மாதம், ஆனந்தன் நின்ற அதே விகாரமாதேவி பூங்காவில், இன்னொரு ஈழத் தமிழரான சுரேஷ் ஜோக்கிம் 76 மணி 40 நிமிடம் நின்றார். ஆனந்தன் மறைந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஆசை அதே இடத்தில் உயிரோடு இருந்திருக்கிறது.

நான்காம் படம்: மெரினா நீச்சல் குளம்

1981-ஆம் ஆண்டு ஆனந்தன் சென்னைக்கு, அன்றைய மெட்ராசுக்கு வந்தார். மெரினா கடற்கரையை ஒட்டிய அண்ணா நீச்சல் குளத்தில் இறங்கி, விளிம்பைத் தொடாமல், தரையிலும் கால் ஊன்றாமல், நிமிர்ந்தபடி நீரை மிதித்துக்கொண்டே 80 மணி நேரம் இருந்தார். மூன்று நாள் எட்டு மணி நேரம். நீச்சலில் ஒரு கை வீச்சுக்கும் இன்னொரு கை வீச்சுக்கும் நடுவே உடம்பு வழுக்கிக்கொண்டு போகும்போது சிறு ஓய்வு கிடைக்கும். நின்ற இடத்தில் நீரை மிதிப்பவருக்கு அந்த ஓய்வும் இல்லை. கால் நின்றால் தலை உள்ளே போகும்.

அந்த ஆண்டு யாழ்ப்பாணத்தில் வேறொன்று நடந்தது. மே மாதக் கடைசியிலும் ஜூன் மாதத் தொடக்கத்திலுமாக யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. யாழ்ப்பாணத்தின் நாளிதழான ஈழநாடு அலுவலகமும் அப்போது தீக்கிரையானது. ஒரு வட்டாரத்தின் செய்தித்தாள் எரிந்தால் அதில் வந்த செய்திகளோடு படங்களும் போய்விடும். அதன் பிறகு வந்த நீண்ட போரில் எத்தனை வீடுகளின் ஆல்பங்கள் இடம்பெயர்வில் தொலைந்தன என்பதற்குக் கணக்கே இல்லை.

1979-இலும் 1980-இலும் கொழும்பின் நடுவில், நகர மண்டபத்துக்கு எதிரே உள்ள பூங்காவில், ஒரு தமிழர் நாள்கணக்கில் சைக்கிள் ஓட்டினார், ஒற்றைக் காலில் நின்றார். அந்தச் சாதனைகள் இலங்கையின் பெயரில்தான் கின்னஸ் புத்தகத்தில் ஏறின. மூன்றே ஆண்டுகள் கழித்து, 1983 ஜூலையில், அதே நகரில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, சைக்கிள் படத்தில் பின்னால் மங்கலாகத் தெரியும் அந்தக் கூட்டத்தை நான் மறுபடியும் புரட்டிப் பார்த்தேன். முகங்கள் தெரியவில்லை.

படம் இல்லாத பக்கம்

ஆல்பத்தில் ஆங்கிலக் கால்வாய்ப் படம் எதுவும் இல்லை. நான்காம் படத்துக்குப் பிறகு பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன.

இங்கிலாந்தின் டோவருக்கும் பிரான்ஸுக்கும் இடையே கால்வாயின் மிகக் குறுகிய பகுதி ஏறக்குறைய 33 கிலோமீட்டர். 1875-ஆம் ஆண்டு மாத்யூ வெப் முதன்முதலில் இதை நீந்திக் கடந்தார். நம் பக்கத்திலிருந்து 1958-இல் பிரோஜன் தாஸும் மிஹிர் சென்னும், 1959-இல் ஆரத்தி சாஹாவும் கடந்தார்கள். பாக் நீரிணையை இருமுறை தொடர்ந்து நீந்தியவருக்கு 33 கிலோமீட்டர் பெரிதா என்று கேட்கத் தோன்றும். தூரத்தைப் பார்த்தால் பெரிதில்லை. குளிர்தான் பெரிது.

பாக் நீரிணையின் நீர் நம் போர்ட் டிக்சன் கடலைப் போல வெதுவெதுப்பானது. ஆங்கிலக் கால்வாயில் ஆகஸ்டு மாதக் கோடையிலும் நீரின் வெப்பம் 16 முதல் 18 டிகிரி அளவில்தான் இருக்கும். குளிரூட்டப்பட்ட அறையில் நாம் வைக்கும் அளவைவிடக் குறைவு. அறையில் இருப்பது காற்று. தண்ணீரோ உடம்பின் சூட்டைக் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். சூடு காக்கும் உடை அணிந்தால் அது முறையான கடப்பாக ஏற்கப்படாது. நீச்சல் உடை, தொப்பி, கண்ணாடி, உடம்பில் தடவிய கொழுப்பு, அவ்வளவுதான். இப்போது கால்வாயில் இறங்க விரும்புகிறவர்கள் 16 டிகிரிக்கு மேற்படாத நீரில் ஆறு மணி நேரம் நீந்திக் காட்ட வேண்டும் என்ற விதி இருக்கிறது.

குளிர் உடம்பில் ஏறும் விதமும் வேறு. முதலில் நடுக்கம் வரும். பிறகு கை கால் சொல்பேச்சுக் கேட்காது. அதற்கும் பிறகு மூளை குழம்பும். தான் நன்றாக நீந்துவதாகவே நீந்துபவர் நினைத்துக்கொண்டிருப்பார். அதனால்தான் கால்வாயில் நீந்துபவரைவிடப் படகில் இருப்பவரின் கண் முக்கியம் என்பார்கள். நிறுத்த வேண்டிய நேரத்தை முடிவு செய்வது அவர்தான்.

ஆனந்தனின் வாழ்க்கை முழுவதும் அவரைத் தூக்கி நிறுத்தியது ஒரே குணம். உடம்பு போதும் என்று சொன்ன பிறகும் தொடர்வது. சைக்கிளில் அது வென்றது. ஒற்றைக் காலில் வென்றது. வெதுவெதுப்பான கடலில் 51 மணி நேரம் வென்றது. அங்கெல்லாம் முடியாமல் போனால் காலைக் கீழே வைக்கலாம், படகைத் தொடலாம். தோல்விக்கு ஒரு வழி இருந்தது. குளிர்ந்த நீரில் மனம் தளரும் முன்பே உடம்பு விட்டுவிடும். அதைத் தெரியாமல் அவர் இறங்கியிருக்க மாட்டார். தெரிந்தே இறங்கினார். 1984 ஆகஸ்டு 6, ஊரிலிருந்து பல ஆயிரம் மைல் தள்ளிய அந்தக் கடலில் முடிந்தது.

இது வீரமா, வீம்பா என்று அந்த அம்மாவின் பேரப்பிள்ளை கேட்டான். படிவம் இரண்டில் படிக்கும் பையன். நியாயமான கேள்வி. என்னிடம் சட்டென்று பதில் இல்லை. அவன் பாட்டியிடமும் இல்லை. அவர் தம் தந்தையாரைப் பற்றி மட்டும் சொன்னார். செய்தி வந்த நாளில் அப்பா வேலைக்குப் போகவில்லை, வீட்டில் சமையலும் இல்லை என்றார். பார்த்துப் பேசியறியாத ஒருவருக்காக, கடல் தாண்டி பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீடு துக்கம் காத்திருக்கிறது. ஸ்காட் ரோடு கந்தசாமி கோயிலில் அவர் பெயரில் அர்ச்சனையும் செய்தார்களாம்.

நமக்கு அவர் யார்?

மலேசிய வாசகர்களுக்கு இவர் ஏன் என்று சிலர் கேட்கலாம். நம் தாத்தா பாட்டிமார் நாகப்பட்டினத்திலும் மெட்ராசிலும் ரஜூலா கப்பல் ஏறி பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் இறங்கியவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் பணியாற்றினார்கள். எல்லாருமே கடலைத் தாண்டித்தான் இங்கு வந்தோம். ஆனால் அந்தக் கடலைக் கையால் அளந்த தமிழர்கள் சிலர்தான்.

அவருக்குப் பிறகும் வரிசை நிற்கவில்லை. சென்னையைச் சேர்ந்த குற்றாலீஸ்வரன் 1994-ஆம் ஆண்டு பன்னிரண்டு வயதில் பாக் நீரிணையைக் கடந்தார். அதே ஆண்டில் ஆங்கிலக் கால்வாயையும் கடந்தார். 1997-ஆம் ஆண்டு மே 23-ஆம் தேதி நம் நாட்டின் எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் எவரெஸ்ட் சிகரத்தில் கால் பதித்தார்கள். 2003-ஆம் ஆண்டு அப்துல் மாலிக் மைடின் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் மலேசியர் ஆனார். இவர்களையெல்லாம் நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டால் எனக்கே தலை குனிகிறது. நானும் ஆல்பத்தைப் பார்த்து யார் என்று கேட்டவன்தானே.

வல்வெட்டித்துறையில் இன்று ஆனந்தனின் பெயரில் ஒரு நீச்சல் தடாகம் இருக்கிறது. கடல் பக்கத்திலேயே இருக்கும் ஊருக்குத் தடாகம் எதற்கு என்று தோன்றலாம். நீச்சல் என்பது தானாக வருவதல்ல, கற்றுக்கொள்ள வேண்டியது என்பதை அந்த ஊர் அறிந்திருக்கிறது. நம் நாட்டிலும் ஆண்டுதோறும் பள்ளி விடுமுறையில் ஆற்றிலும் குட்டையிலும் மூழ்கிய பிள்ளைகளைப் பற்றி நாங்கள் செய்தி எழுதுகிறோம். பிள்ளையை நீச்சல் வகுப்பில் சேர்ப்பதும் ஆனந்தனை நினைவுகூரும் ஒரு வழிதான்.

ஆழி என்ற சொல்லுக்குத் தமிழில் கடல் என்று பொருள். சக்கரம் என்றும் பொருள் உண்டு. கடலை நீந்தியதற்காக வைத்த பெயர், பின்னால் சைக்கிள் சக்கரத்துக்கும் பொருந்திப்போனது.

ஆல்பத்தை அந்த அம்மா தூக்கிப் போடவில்லை. போன சனிக்கிழமை மாலை அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூவரும் உட்கார்ந்தோம். ஒட்டும் தாளிலிருந்து படங்களை மெதுவாகப் பிரித்தோம். ஒவ்வொன்றின் பின்னாலும் மென்மையான பென்சிலால் பேரன் எழுதினான். பேனா மை நாளடைவில் முன்பக்கம் ஊறிவிடும் என்பதால் பென்சில். பெயர், இடம், ஆண்டு. பிறகு கைப்பேசியில் படம் எடுத்து உறவினர்கள் எல்லாருக்கும் அனுப்பினான். வெறுமையாக இருந்த பக்கத்தில் என்ன எழுதுவது என்று கேட்டான். 1984 ஆகஸ்டு 6, ஆங்கிலக் கால்வாய் என்று எழுதச் சொன்னார் பாட்டி.

உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஓர் ஆல்பம் இருக்கலாம். படத்தில் இருப்பவர் யார் என்று சொல்லக்கூடிய பெரியவர் இன்னும் இருக்கிறார் என்றால், இந்த வார இறுதியிலேயே அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். போகும்போது ஒரு பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.